இரண்டு எஞ்சின், ஒரே சத்தம்

இதெல்லாம் எந்த வரிசையில் நடந்தது என்பது எனக்குச் சரியாக ஞாபகம் இருக்கிறதா, சந்தேகம்தான். பாதி சின்னவர் வாயால் கேட்டது, மீதி துறைமுகத்தில் மற்றவர்கள் சொன்னது. சின்னவரோ கேட்டாலொழியப் பேசாதவர். கேட்டாலும் பல நாள் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும்தான் அங்கே கூப்பிடுவார்கள். சின்னவர் ஆறடி உயரம். பெரியவர் அவர் தோள் வரைக்கும்தான் வருவார். இருவரும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி எஞ்சின் வாங்கித் தங்கள் படகுகளில் பொருத்தியவர்கள். அப்போது பேச்சுவார்த்தை இருந்தது. பிறகு பெரியவர் மீன்பிடித் தொழிலை விட்டுவிட்டு, ஆசைக்குத் தூண்டில் போட வரும் நகரத்து ஆட்களைப் படகில் கூட்டிப்போகத் தொடங்கினார். படகுக்கு நிழல்கூரை வந்தது, மெத்தை வைத்த இருக்கைகள் வந்தன.

"பொழுதுபோகாதவனுக்கெல்லாம் இரை கோத்துக் கொடுக்கிறதும் ஒரு பொழப்பா?" என்று சின்னவர் ஒருநாள் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து பெரியவர் தம்பியிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். வருஷங்கள் அப்படியே போயின.

சின்னவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு அடுப்பு. தம்ளர் இரண்டு உண்டு. இரண்டாவதில் தூண்டில் முட்களைப் போட்டு வைத்திருந்தார்.

சுறாத் தொல்லை தொடங்கிய பிறகு அவருடைய நாள்கள் இன்னும் ஊமையாகிவிட்டன. மீன் மாட்டும், கயிறு கனக்கும். பாதி ஆழம் இழுத்ததும் சுறா ஒரு வெட்டு வெட்டும், அப்புறம் கை லேசாகிவிடும். மேலே வருவது தலை மட்டும்தான். எஞ்சின் சத்தம் கேட்டால் சாப்பாடு வந்துவிட்டது என்று சுறாக்கள் பழகிவிட்டதாகத் துறைமுகத்தில் பேசிக்கொண்டார்கள்.

"என்ன சின்னவரே, இன்னைக்கும் தலை மட்டும்தானா? உடம்பு பின்னாடி வண்டியில வருதோ?" என்பார் மீன் வியாபாரி. "பேசாம கண்ணாடி, சீப்பு விக்கப் போங்க. தலைக்கெல்லாம் வேண்டியிருக்கும்."

சின்னவர் கூடையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்.

சில நாள்களில் மட்டும் மீன் முழுசாக வந்தது. அது ஏன் என்று அவருக்குப் பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது. பெரியவருடைய படகு, இவர் மீன் பிடிக்கும் பாறைத்திட்டின் மறுபக்கம் நிற்கும் நாள்கள் அவை. அங்கேயும் அதே எஞ்சின், அதே சத்தம். போதாததற்கு அத்தனை பேரும் தூண்டில் போட்டுவிட்டு, மிச்ச இரையைத் தண்ணீரில் கொட்டுகிறார்கள். சுறாக்கள் மொத்தமாக அந்தப் பக்கம் போய்விடுகின்றன. தனக்கு முழு மீன் கிடைக்கும் நாளெல்லாம் அண்ணன் படகில் தலைகள் ஏறுகின்றன. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை.

ஒருநாள் சாயங்காலம் அண்ணி வந்தார். சின்னவர் காலியாக இருந்த ஒரே தம்ளரில் அவருக்கு டீ கொடுத்துவிட்டு, தான் ஒரு டப்பா மூடியில் ஊற்றிக்கொண்டார்.

"படகை விக்கப் போறாராம் தம்பி. ஆளு வந்து பாத்துட்டுப் போயாச்சு."

"ஏன் அண்ணி?"

"வெறும் தலையைக் கையில பிடிச்சிட்டு போட்டோ எடுத்தவன் மறுபடி வருவானா? நாளைக்கு ஒரு கூட்டம் வருது. அதுவும் இப்படியே ஆச்சுன்னா கொடுத்துடறதுன்னு சொல்லிட்டாரு." டீயை ஒரு மிடறு குடித்தார். "வீட்ல உக்காந்தா அந்த மனுஷன் அப்படியே ஒடுங்கிப் போயிருவாரு. எனக்குத் தெரியும்."

"நான் என்ன பண்ண முடியும்?"

"உன்னைப் பண்ணச் சொல்லல. யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு."

மறுநாள் காலை சின்னவர் எல்லோருக்கும் முன்னால் கிளம்பினார். திட்டின் கிழக்கே போய் நங்கூரம் போட்டார். எஞ்சினை நிறுத்தவில்லை. விற்காமல் கிடந்த தலைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டார். கொஞ்ச நேரத்தில் படகுக்கு அடியில் நிழல்கள் சுற்ற ஆரம்பித்தன. தூண்டில் போடாமல் கடலில் உட்கார்ந்திருப்பது அவருக்கு அதுதான் முதல்முறை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மேற்கே பெரியவர் நங்கூரமிட்டு எஞ்சினை அணைத்தது கேட்டது. நெடுநேரம் எதுவும் இல்லை. பிறகு காற்றில் ஒரு கூச்சல் வந்தது. கைதட்டல். முழு மீனுக்குத்தான் அப்படிக் கத்துவார்கள்.

உச்சி வெயிலில் வயர்லெஸ் கரகரத்தது.

"டேய்."

வருஷங்கள் கழித்து அண்ணன் குரல்.

"தூண்டில் போட்டிருக்கியா?"

பொத்தானை அழுத்தினார். "இல்ல."

"அப்புறம் என்னத்துக்கு எஞ்சினை ஓட விட்டிருக்க? டீசல் என்ன குழாயைத் திறந்தா வருதா?"

சின்னவர் பொத்தானை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தார். அந்த அலைவரிசையை எல்லாப் படகுகளும் கேட்கும். ஒருவர்கூடக் குறுக்கே கிண்டல் செய்யவில்லை.

"சுறா இங்க நிக்கட்டும்னுதான்" என்றார் கடைசியில்.

மறுமுனையில் வெறும் இரைச்சல். பிறகு அண்ணன் குரல். "நாளைக்கு நான் நிக்கிறேன். நீ பிடி."

அன்றிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. ஒருநாள் இவர் நிற்பார், ஒருநாள் அவர் நிற்பார். சேர்ந்துவிட்டார்கள் என்று ஊர் சொன்னது. ஆனால் சேர்ந்ததன் பலன், கடலில் இருவருக்கும் நடுவே எப்போதும் அந்தத் திட்டு. கரையில், "நாளைக்கு நீயா?" "நான்தான்." அவ்வளவோடு சரி. அன்று நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று அண்ணனிடம் சொல்லச் சின்னவர் வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தார். தன் முறை வந்த நாள்களில் அதை வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தார், கீழே சுற்றியவற்றிடம். அவை எஞ்சின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன.

அண்ணனிடம் கடைசிவரை சொல்லவில்லை என்று என்னிடம் சொன்னார்.

பெரியவர் படகை விற்கவில்லை. போன மழைக்காலத்தில், தூக்கத்திலேயே இறந்துபோனார். அண்ணி மகள் வீட்டில் இருக்கிறார். மருமகன் பெரியவருடைய படகில் வேறு எஞ்சின் மாட்டி, ஆட்களைத் தூரமாகக் கூட்டிப்போகிறார். வியாபாரி கடையை மூடிவிட்டு வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டார். சின்னவர் இன்னும் கடலுக்குப் போகிறார். பாதி நாள் தலைதான் வருகிறது.