கவிழ்த்துப் போட்ட கல்

வாரன் பிக்ஸ்பி என்ற அந்த அமெரிக்கப் பெரியவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. செருப்பைக் கழற்றி வாசலில் ஓரமாக வைத்தார். கொடுத்த சாயாவைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். மாடியறை சின்னது என்று முகம் சுளிக்கவில்லை. சுலைஹாவின் நிம்மதியைக் கெடுத்தது அவர் போட்டிருந்த பனியன்தான். அதன் மார்பில் அவருடைய குடும்பப் பெயர் ஆங்கிலத்தில் கொட்டை கொட்டையாக அச்சடித்திருந்தது. ஐந்தே எழுத்து. நடுவில் பெருக்கல் குறி மாதிரி ஒன்று.

அந்தப் பெருக்கல் குறியை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். பார்த்தது மட்டுமா? ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி அதற்குள்ளிருந்து மீன் செதிலைத் தோண்டி எடுத்திருக்கிறாள்.

நாலு வருஷத்துக்கு முந்தைய கதை அது. கொச்சி மட்டாஞ்சேரியில் அவளும் கணவரும் வாங்கிய அந்தப் பழைய வீட்டின் பின்முற்றத்தில் சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டினார்கள். மண்ணுக்கடியில் ஆள் நீளத்துக்கு ஒரு கருங்கல் பலகை கிடந்தது. துணி துவைக்கவும் மீன் கழுவவும் இதைவிட வேறென்ன வேண்டும் என்று தங்கதுரை மேஸ்திரி அதைத் தூக்கிச் செங்கல் திண்டின் மேல் வைத்துப் பூசிக் கொடுத்தார். தலைமாட்டில் ஒரு நங்கூரம் செதுக்கியிருந்தது, அதற்குக் கீழே வரி வரியாக இங்கிலீஷ் எழுத்து. "யாரோ ஒரு வெள்ளக்காரச் சாயிப்போட கபருக்கல்லு மாதிரி இருக்கே, அக்கா" என்று மேஸ்திரி சொல்லத்தான் செய்தார். சுலைஹா மலையாளப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டத் தெரியும், அதற்கு மேல் பொறுமை கிடையாது. ஒரு வாரம் அதில் மீன் கழுவிப் பார்த்தாள். எழுத்துப் பள்ளங்களில் செதிலும் சோப்பும் போய் அடைத்துக்கொண்டு நாறியது. மேஸ்திரியைத் திரும்பக் கூப்பிட்டாள். "இத கமத்திப் போடுங்க. வழவழன்னு இருக்கிற பக்கம் மேல வரட்டும்" என்றாள். மேஸ்திரி ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்துப் போட்டார்.

ஆகவே கல்லறைக் கல் என்று தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு வழியில்லை. அதுதான் இப்போது முள்ளாகக் குத்தியது.

மதியச் சாப்பாட்டில் பெரியவர் தன் கதையை எடுத்தார். சுலைஹாவின் மகள் ஹிஸானாதான் மொழிபெயர்த்தாள். இடப்பள்ளியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மாடியின் இரண்டு அறைகளையும் ஹோம்ஸ்டேயாக்கி இணையத்தில் போட்டதும் அவள்தான்.

"இவரோட பாட்டனுக்குப் பாட்டனுக்கும் மேல ஒருத்தர், நேதன் பிக்ஸ்பின்னு பேரு. அமெரிக்கா இங்கிலாந்து ராஜாவை எதிர்த்துச் சண்ட போட்டுச்சில்ல, அதுல பதினேழு வயசுல துப்பாக்கி தூக்கினவராம். பனியில ரெண்டு விரல் போயிடுச்சாம். அப்புறம் கப்பல்ல குருமொளகு வாங்க இங்க வந்து, வந்த வேகத்துல காய்ச்சல்ல மரிச்சுப் போயிட்டாராம். பொண்டாட்டி அபிகெயில் அங்க சாகற வரைக்கும் வேற கல்யாணம் பண்ணாம காத்திருந்தாளாம். பாவம்."

அந்தக் குடும்பத்தார் வருஷா வருஷம் ஜூலையில் ஒன்றுகூடுவார்களாம். நேதனின் பெயரைச் சொல்லிக் குழந்தை குட்டி உட்பட எல்லோரும் எழுந்து நிற்பார்களாம். பனியன் அதற்காக அடித்ததுதான். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர், சேர்த்துவைத்த காசில் புறப்பட்டு வந்திருக்கிறார். அந்த வீரனின் கல்லறை கொச்சியில்தான் எங்கோ இருக்கவேண்டும், ஒரு பூ வைத்துவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான் ஆசை. சொல்லி முடித்துப் பெரியவர் பொரித்த கரிமீனின் நடுமுள்ளைக் கவனமாகப் பிரித்தெடுத்தார். அந்தக் கரிமீனை எந்தக் கல்லில் வைத்து உரசிக் கழுவினாள் என்று நினைத்ததும் சுலைஹா தன் தட்டிலிருந்த மீனை ஓரமாக ஒதுக்கினாள்.

ஹிஸானா வேலைக்குப் போனதும் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். சிகாபுதீன் சுக்கும் ஏலமும் தரகு பண்ணுகிறவர். பேச்சில் அவரை யாரும் மடக்க முடியாது.

"வாயத் தொறக்காத. தொறந்தா ஒத்த நட்சத்திரம்தான் போடுவாரு. 'எங்க பாட்டன் தலமேல அயல மீனு வெட்டுறாங்க'ன்னு உலகம் முழுக்க எழுதுவாரு. அப்புறம் எந்தச் சாயிப்பு நம்ம வீட்டுப் படி ஏறுவான்?"

"அது அவங்க கபருக்கல்லுங்க."

"கபரா? ஆளு எங்க கெடக்குறாரோ ஆருக்குத் தெரியும்? இது வெறும் கல்லு. நாமளா போய்ப் பேத்துட்டு வந்தோம்? மண்ணுல கெடந்துச்சு."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் சுலைஹாவின் அத்தாவுக்குப் பள்ளிவாசல் வளாகத்தில் கபரின் தலைமாட்டில் மீசான் கல் நட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அவளுடைய தம்பி அங்கே போய் ஸலாம் சொல்லிவிட்டு, கல்லைச் சுற்றி முளைத்த புல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். அந்த மீசான் கல்லை ஒருத்தி பிடுங்கி வந்து அதில் அயலை அரிந்தால் எப்படி இருக்கும்? நினைக்கவே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனைக்கும் அந்த ஒருத்தி அவள்தான்.

அடுத்த மூன்று நாளும் பெரியவர் காலையில் கிளம்பிப் போனார். கடற்கரைப் பக்கத்துப் பழைய கல்லறைத் தோட்டம், சர்ச் சர்ச்சாகப் பின்வாசல், யாரோ சொன்னார்கள் என்று தோப்பும்படி வரைக்கும். வெயிலில் மூக்குத்தோல் உரிந்து, முழங்காலில் மண்ணோடு திரும்பி வருவார். கிடைத்ததா என்று ஹிஸானா கேட்பாள். இல்லையென்று தலையாட்டிச் சிரிப்பார். சுலைஹா சம்பார மோரை நீட்டுவாள். வெட்கம் அவள் கையை ரொம்பத் தாராளமாக்கியிருந்தது. ஒரு துண்டு கேட்டால் மூன்று துண்டு வைத்தாள். தலையணைக்கு நாள்தோறும் புது உறை போட்டாள். தன் ஊரில் இப்படி உபசாரம் உண்டா என்று மனிதர் நெகிழ்ந்துபோய், நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னார். ஒவ்வொரு நன்றியும் அவளுக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது.

மீனை அடுக்களைத் தொட்டியில் கழுவத் தொடங்கினாள். "வீடே நாறுது, பின்னாடி கல்லு என்னாச்சு?" என்று சிகாபுதீன் கேட்டார். அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

நாளைக்கு விமானம் என்ற நிலையில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. போய்விடுவார், எல்லாம் முடிந்துவிடும் என்று சுலைஹா தனக்குத் தானே சொல்லிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பின்முற்றத்தில் தொப், தொப் என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அவளுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று பெரியவர் தானே துணி துவைக்க இறங்கிவிட்டார். அக்கம்பக்கத்தில் பார்த்துப் படித்திருப்பார் போல. பனியனைச் சோப்பில் முக்கி, முறுக்கி, தலைக்கு மேல் ஓங்கிக் கல்லில் அடித்தார்.

"அடிக்காதீங்க! அடிக்காதீங்க!"

அவள் போட்ட கூச்சலில் சிகாபுதீனும் ஹிஸானாவும் ஓடிவந்தார்கள். பெரியவர் ஈரத்துணியோடு திகைத்து நின்றார். சுலைஹா துருவிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். 

"ஹிஸானா, அவருகிட்ட சொல்லு. அவரு தேடுற கல்லு இதுதான்னு தோணுது. எழுத்து அடியில இருக்கு."

"இவளுக்குத் தல சுத்துது, ஒண்ணுமில்ல" என்று சிகாபுதீன் குறுக்கே பாய்ந்தார்.

"நீங்க சும்மா இருங்க. சொல்லு மோளே. மேல இருந்த எழுத்த நான்தான் கமத்திப் போடச் சொன்னேன். கபருக்கல்லுன்னு தெரிஞ்சே சொன்னேன். செதில் அடைக்குதுன்னு சொன்னேன். வந்த அன்னைக்கே இவரு பனியனப் பாத்து எனக்குத் தெரியும். சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதனால மூணு நாளா வெயில்ல அலைய விட்டேன்."

ஹிஸானா அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தாள். அந்தப் பார்வையை எதிர்கொள்ள முடியாமல் சுலைஹா தரையைப் பார்த்தாள். பிறகு ஹிஸானா ஒன்றுவிடாமல் இங்கிலீஷில் சொன்னாள். பெரியவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பனியனைக் கீழே வைத்துவிட்டு ஈரக் கல்லைத் தடவிப் பார்த்தார். கண் கலங்க, சுலைஹாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார்.

"மண்ணுக்குள்ள கெடந்தத வெளியில எடுத்து, வீட்டுக்குள்ள வச்சிருந்தீங்களேன்னு நன்றி சொல்றாரும்மா" என்றாள் ஹிஸானா. சுலைஹாவுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

கடப்பாரையால் பூச்சைப் பேர்த்து, நாலு பேருமாகத் தென்னிக் கல்லைப் புரட்டினார்கள். சிமெண்டும் மண்ணும் அப்பிக் கிடந்தது. பெரியவருக்குக் கண்ணாடியில் நீர் தெறித்துப் படிக்க வரவில்லை. ஹிஸானா குனிந்து, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு இங்கிலீஷில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை படித்தாள்.

"நேதன் பிக்ஸ்பி. அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்ட போட்டவர்."

பெரியவர் நிமிர்ந்து நின்றார், ஜூலையில் நிற்பதைப் போல.

"இந்த ஊர்ல இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்தார்." ஹிஸானாவின் குரல் தணிந்தது. "அன்பு மனைவி மரியானாவும் நாலு மக்களும் வச்ச கல்லு."

சிகாபுதீன் கடப்பாரையைக் கீழே வைத்தார்.  பெரியவரின் முகத்தில் ஈயாடவில்லை. வந்த வேகத்தில் செத்துப்போன வீரன் இருபத்திரண்டு வருஷம் இந்தத் தெருக்களில் மீன் வாங்கிக்கொண்டு நடந்திருக்கிறான். அங்கே ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டே கிழவியாகிப் போயிருக்கிறாள். அவளுடைய பேரப்பிள்ளைகள்தான் வருஷா வருஷம் அவனுக்காக எழுந்து நிற்கிறார்கள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொள்ளவில்லை. மெதுவாக ஏதோ சொன்னார்.

"திருப்பிப் போட்டுடலாமான்னு கேக்குறாரு" என்றாள் ஹிஸானா. "பழையபடியே. கெடைக்கலன்னு வீட்டுல சொல்லிக்கிறாராம். அவங்களுக்குத் தெரிஞ்சா நாணக்கேடாம்."

"அதானே! நல்ல மனுஷன்" என்று சிகாபுதீன் கடப்பாரையை ஆவலோடு எடுத்தார்.

சுலைஹா கல்லின் மேல் கையை வைத்தாள். நாலு நாளாக அவளும் இதைத்தான் வேண்டினாள். எழுத்து அடியிலேயே இருக்கட்டும், யாருக்கும் தெரியவேண்டாம் என்று. அதையே இன்னொருவர் வாயால் கேட்டபோது எவ்வளவு அசிங்கமாக இருந்தது! மரியானா இந்த ஊர்க்காரிதான். புருஷன் போனபின் நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தன் பெயரையும் சேர்த்து வெட்டச் சொல்லி நிறுத்திய கல். அதை மண்ணோடு மண்ணாக அமுக்கியதில் தனக்கும் ஒரு பங்கு உண்டு.

"கீழ வைங்க அத" என்றாள் கணவரிடம். "ஹிஸானா, சொல்லு. ஒரு தடவ கமத்துனது நான். அந்தப் பாவமே எனக்குத் தாங்கல. இன்னொரு தடவ ஆருக்காகவும் கமத்த மாட்டேன். காத்திருந்தவளுக்கு அநியாயம் நடந்துச்சு, வாஸ்தவம்தான். அதுக்கு இவ பேர மண்ணுல புதைச்சா சரியாப் போயிடுமா?"

ஹிஸானா சொன்னாள்.  பெரியவர் ஈரத்தரையில் மெல்ல உட்கார்ந்தார். சுலைஹா தேங்காய் நாரும் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்து எழுத்தில் அப்பியிருந்த மண்ணைத் தேய்க்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவரும் ஒரு நார்த்துண்டை எடுத்தார். நங்கூரத்தைத் தேய்த்தார். நேதன் என்ற பெயரைத் தேய்த்தார். சண்டை போட்டவர் என்ற வரியை வெகுநேரம் தேய்த்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவர் கை நின்றது. நாரைக் கல்லின் ஓரத்தில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மரியானாவின் பெயரை சுலைஹாதான் தேய்த்தாள்.