போகச் சொன்னது யார்

வேல்விழி இறந்தபின் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான். அன்று அவளை உள்ளே போகச் சொன்னது யார்?

சாத்தூருக்கு மேற்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் என் மனைவி வேல்விழி பட்டாசுக் குழாய்களில் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தாள். நான் அங்கேயே அட்டைப்பெட்டி ஒட்டினேன். இரண்டாயிரத்து ஆறு வரை அங்கே ஒரு பழக்கம் இருந்தது. காலையில் போர்மேன் அய்யாதுரை முதலில் உள்ளே போவார். ஒரு குழாயில் தன் கையாலேயே மருந்து செலுத்துவார். பிறகு வாசலுக்கு வந்து "வாங்கத்தா" என்பார். அதற்குப் பிறகுதான் பெண்கள் படியேறுவார்கள்.

அடுத்த சீசனுக்கு முன் சுவரில் ஒரு பெட்டி மாட்டினார்கள். உள்ளே சிறிய கம்ப்யூட்டர். வெக்கை, காற்றின் ஈரம் எல்லாவற்றையும் அதுவே பார்த்து அதுவே முடிவெடுக்கும். பச்சை எரிந்தால் போகலாம், சிவப்பு எரிந்தால் கூடாது.

"மனுசனுக்கு அசதி வரும், அவசரம் வரும். இதுக்கு எதுவும் வராது" என்றார் கொண்டுவந்த இன்ஜினியர்.

"போனஸும் கேக்காதுல்ல? மொதலாளிக்கு ஏத்த புள்ளதான்" என்றாள் சின்னத்தாய். அவளுக்கும் அதே அறையில்தான் வேலை. எல்லோரும் சிரித்தோம்.

பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன். ஆர்டர் நெருக்கிய நேரத்திலும் அது வேலையை நிறுத்தியிருக்கிறது. அய்யாதுரை நிறுத்தியிருக்க மாட்டார். ஆனால் அவர் உள்ளே போவது நின்றுவிட்டது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. விளக்கு எரிந்தது, பெண்கள் போனார்கள்.

புரட்டாசியில் அந்த அறை வெடித்தது. வேல்விழியோடு இன்னும் இரண்டு பேர். சின்னத்தாய் அன்று வேலைக்கு வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தேன். வேல்விழியின் சேலையையும் மடித்தேன்.

கருமாதி முடிந்து கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் சீனிவாசகம் எழுந்து நாற்காலி போட்டார்.

"பெட்டியில எல்லாம் சரியாத்தான் இருந்திருக்குப்பா. மருந்துல ஏதோ உரசல். அதைக் கண்டுபிடிக்க அதுக்கு வழியில்ல."

"பெட்டி தப்புன்னு நான் சொல்லல சார். உள்ள போகச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலையேப்பா. பச்சை எரிஞ்சிருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. அளக்கும் வேலையை மட்டும்தான் பெட்டியிடம் கொடுத்தோம் என்று நினைத்திருந்தோம். பதில் சொல்லும் வேலையும் கூடவே போய்விட்டது. பெட்டிக்கு வாய் இல்லை. இருந்திருந்தாலும் அதனிடம் கேட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது?

தை மாதம் புது அறையில் வேலை தொடங்கியது. புதுப் பெட்டியில் பச்சை எரிந்தது. பெண்கள் நகரவில்லை.

"என்னத்தா, எரியுதுல்ல?" என்றார் அய்யாதுரை.

"அது எரியட்டும். நீங்க சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் சின்னத்தாய்.

"நான் என்னத்தச் சொல்ல?"

"போங்கன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா லைட்டோட சட்டையவா புடிக்க முடியும்?"

யாரோ சிரித்தார்கள். அய்யாதுரை சிரிக்கவில்லை. பிறகு நான் வேலை பார்த்த இடத்துக்கு வந்து அட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

"ஏலே செல்லப்பாண்டி, அன்னைக்கு யாரும் சொல்லலன்னாகளா? நான்தாம்லே சொன்னேன். வெக்கை தாங்கல அன்னைக்கு. லைட்டு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆனாலும் வேல்விழி என்னையத்தான் கேட்டா. நான் லைட்டக் காட்டி, போன்னேன்."

இத்தனை மாதம் இதற்குத்தான் காத்திருந்தேன். கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். கை தன் பாட்டுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தது.

"அவ என்ன கேட்டா? அப்படியே சொல்லுங்க."

"'போகட்டுமா அண்ணாச்சி'ன்னா."

"வேற?"

"அம்புட்டுதாம்லே."

சரி என்றேன். அவர் போகாமல் உட்கார்ந்தே இருந்தார்.

அன்று யாரும் மருந்து செலுத்தவில்லை. பெண்கள் வேப்பமரத்தடியில் கொண்டுவந்த சோற்றைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நான் மீதி அட்டைகளை ஒட்டி முடித்தேன்.