வாசலுக்குப் போட்ட வெளிச்சம்

பல்லேகமவுக்கு அப்பால், மின்கம்பம் எட்டிப் பார்க்காத அந்தச் சிற்றூரில் முதன்முதலாகச் சோலர் பூட்டிய வீடு மீராசாஹிபுடையது. மிளகு விளைச்சல் நன்றாகக் கைகொடுத்த வருடம் அது. சண்டை ஓய்ந்து சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்ததால், மாத்தளைப் பாதையில் சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி ஏறும் தொல்லையும் குறைந்திருந்தது. கண்ணாடித் தட்டை ஏற்றிக்கொண்டு கம்பனி வேன் ஊருக்குள் வந்தபோது பாதி ஊர் அதன் பின்னாலேயே நடந்து வந்தது. மீராசாஹிப் வெள்ளைச் சாரமும் இஸ்திரி போட்ட சேர்ட்டுமாக வாசலில் நின்றார். மகளின் கலியாணத்துக்குக்கூட மனிதர் அப்படி நிற்பாரோ என்னவோ!

பூட்ட வந்தவர் மாத்தளை இராசலிங்கம். ஓட்டுக் கூரையில் தட்டைப் பொருத்தி, வயரைக் கீழே இறக்கி, பெட்டறியை ஹோல் மூலையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"முதலாளி, இதுல நாலு லைட்டுதான் எரியும். சின்ன டீவி ஒண்ணும் போடலாம். எங்கெங்க வேணும்னு சொல்லுங்க."

"முன் ஹோலுக்கு ரெண்டு. விறாந்தைக்கு ஒன்டு. கேட்டுக்கிட்ட ஒரு கம்பத்த நட்டு அதுல ஒன்டு."

"கேட்டுக்கா?"

"ஓ! ரோட்டால போற வாற ஆளுகளுக்கு விளங்கத் தேவல்லயா?"

அப்போதுதான் உள்ளே கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி ஸுலைஹாவின் குரல் கேட்டது.

"றஸ்மியாட வாப்பா, குசினிக்கும் ஒன்டு போடச் சொல்லுங்களே. குப்பி லாம்பு வெளிச்சத்துல ஒன்டும் விளங்குதில்ல. போன மாசமும் என்ட முந்தானை கருகினத்த நீங்க கண்டீங்கதானே?"

"குசினிக்கு எதுக்கு லைட்டு? அங்க என்ன, ஆளா வரப்போகுது?"

மீராசாஹிப் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இராசலிங்கமும் சிரித்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

குசினி வீட்டுக்குப் பின்னால் தனியாக, தகரம் போட்ட சிறு கட்டடமாக இருந்தது. அடுப்புக்கு மேலே ஒரு தட்டு. அதில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட பழைய சோடாப் போத்தல்தான் அந்தக் குப்பி லாம்பு. ஸுலைஹா வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த வெளிச்சம் அதுதான். கேட்டுக் கம்பத்து விளக்கோ பொழுது சாயும்போதே எரியத் தொடங்கிவிடும். ரோட்டில் போகிற வருகிறவர்களைக் காணோம். ஈசல்கள்தான் கூட்டம் கூட்டமாக வந்து அதன் பெருமையை அனுபவித்துப் போயின.

நோன்பு வந்தது. ஊர்ப் பெரியவர் றஹீம் ஹாஜியாரையும் அக்கம்பக்கத்து ஆண்கள் சிலரையும் நோன்பு திறக்க வீட்டுக்கு அழைத்தார் மீராசாஹிப். அழைப்பு நோன்புக்காக என்றாலும் ஆசை சோலருக்காக என்பது அழைக்கப்பட்ட எல்லாருக்கும் தெரியும். முன் ஹோலில் பாய் விரித்து, பேரீச்சம்பழம் வைத்து, இரண்டு விளக்கையும் போட்டு, டீவியையும் சத்தமாகத் திருப்பிவிட்டார். மகள் றஸ்மியா, பக்கத்து வீட்டு நூருன்னிஸாவுக்குக் கொடுக்கவென்று ஒரு கோப்பைக் கஞ்சியோடு வேலியைத் தாண்டிப் போயிருந்தாள். நூருன்னிஸாவின் புருஷன் ஜமால்தீன் இங்கே பாயில் உட்கார்ந்து டீவியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஸுலைஹா! கஞ்சி எங்க? பாங்கு சொல்லப் போறாங்க!" என்று மீராசாஹிப் பின்பக்கம் பார்த்துக் கத்தினார்.

"இந்தா வாறேன்!"

இன்னொரு தரம் கத்தினார். பதில் வந்ததோ வரவில்லையோ, டீவிச் சத்தத்தில் கேட்கவில்லை. அவர் ஹாஜியாரின் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்.

"புகையும் இல்ல, மணமும் இல்ல ஹாஜியார். நெருப்புப் பயமே இல்ல. சுவிச்சத் தட்டினாச் சரி."

ஹாஜியார் பின் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னாலயும் ஒரு லைட்டு போட்டீக்கீங்க போல. நல்ல வெளிச்சம்."

மீராசாஹிப் பெருமையோடு தலையாட்டினார். ஆமென்று சொல்ல வாயும் திறந்துவிட்டார். அதற்குப் பிறகுதான், பின்னால் லைட் எதுவும் போடவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தார். வாழை மரங்களுக்கு நடுவே அந்த வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது.

அது ஸுலைஹா.

பார்த்தது என்னவென்று மீராசாஹிபின் கண்ணுக்குப் புரிந்தும் உடம்புக்குப் புரியவில்லை. வயதான ஹாஜியார்தான் முதலில் பாய்ந்தார். உட்கார்ந்திருந்த பாயை இழுத்த இழுப்பில் பேரீச்சம்பழமெல்லாம் ஹோல் முழுக்கச் சிதறியது. அந்தப் பாயாலேயே ஸுலைஹாவைச் சுற்றிக் கீழே சாய்த்தார். ஜமால்தீன் கிணற்றடி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து தண்ணீரை ஊற்றினான். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "உம்மா!" என்று றஸ்மியா போட்ட சத்தத்தில்தான் மீராசாஹிபுக்கு உயிர் வந்தது. ஓடினார். குசினிக்குள் அடுப்படியில் உடைந்த போத்தல் கிடந்தது. நிலத்தில் எண்ணெய் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் கஞ்சிப் பானை, ஒரு சொட்டும் சிந்தாமல் பத்திரமாக இறக்கி வைக்கப்பட்டிருந்தது.

ஹாஜியாருடைய வேனில் ஏற்றி, இறத்தோட்டை வழியாக அந்த வளைவு மலைப்பாதை முழுக்கக் கலிமாச் சொல்லிச் சொல்லியே மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

மறுநாள் காலை வார்டு வாசலில் நின்ற மீராசாஹிபிடம் ஞானாம்பிகை நர்ஸ் வந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு மாறாத மனுஷி.

"உயிருக்குப் பயமில்லை. கையும் கழுத்தும்தான் மோசமாய் எரிஞ்சிருக்கு. குப்பி விளக்கோ?"

மீராசாஹிப் திடுக்கிட்டார். "நான் சொல்லவே இல்லயே மிஸ்ஸி. எப்படித் தெரியும்?"

"இதில கிடக்கிற ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ. அந்தக் கட்டில், அங்கால ஜன்னலடிக் கட்டில், எல்லாம் குப்பி விளக்குத்தான். எல்லாம் சமைக்கப் போன பொம்பிளையள்தான். உங்கட பக்கமும் கரண்ட் இல்லையோ?"

"கரண்ட் இல்ல. ஆனா வீட்டுல சோலர் ஈக்கி." பழக்கதோஷம், பெருமை தானாக வாயில் வந்துவிட்டது.

நர்ஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சோலர் இருக்கெண்டால், பிறகேன் குப்பி விளக்கு?"

கேட்டுக் கம்பமும் அதைச் சுற்றிப் பறந்த ஈசலும் மீராசாஹிபின் கண் முன்னால் வந்தன. இந்தக் கேள்வியை ஊரே கேட்டிருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை. கேட்ட ஒருத்தியையும் அவர் சிரித்து வாயடைத்துவிட்டார்.

கட்டுப்போட்ட கையோடு கிடந்த ஸுலைஹா, அவரைக் கண்டதும் முதலில் கேட்டது இதைத்தான்.

"ஹாஜியார் கஞ்சி குடிச்சாங்களா?"

அவர் கட்டிலருகே குனிந்தார்.

"ஏன்டி புள்ள, நெருப்புப் பத்தினதும் ஹோலுக்கு ஓடி வந்தீந்தா இவ்வளவு எரிஞ்சீக்காதே. நாங்க அத்தின பேரு ஈந்தோமே. இருட்டுக்குள்ள எதுக்கு ஓடின?"

"நீங்க அவசரப்படுத்தினதுல பானையத் தூக்கக்குள்ள முழங்கை பட்டு லாம்பு சாஞ்சிட்டு. ஓடி வரத்தான் நெனச்சேன்." அவள் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "லைட்டப் பார்க்கத்தானே எல்லாரையும் கூப்பிட்டீங்க. அந்த நேரம் நான் எரிஞ்சிக்கிட்டு வந்து நின்டா, உங்களுக்கு எவ்வளவு வெக்கம்?"

மீராசாஹிப் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். எரிகிறபோதுகூட இவள் தன் புருஷனின் பெருமையைக் காப்பாற்ற ஓடியிருக்கிறாள். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்கு, உயிர் போகிற நேரத்திலும் முன் ஹோலுக்கு வரத் தனக்கு உரிமை உண்டென்று தோன்றவில்லை. அப்படி நினைக்க வைத்தது யார் என்று அவர் யாரிடம் போய்க் கேட்பது? வார்டு என்றும் பாராமல் வாய்விட்டு அழுதார்.

ஸுலைஹா வீடு திரும்பியபோது பெருநாள் எப்போதோ கழிந்திருந்தது. வலக்கை விரல்கள் முழுதாக மடங்கவில்லை. கேட்டுக் கம்பத்தைக் காணோம். அந்த விளக்கு குசினியில் அடுப்புக்கு மேலே எரிந்தது. அவள் அதை ஒரு தரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் இடக்கையால் பானையைக் கழுவத் தொடங்கினாள். பிந்தி வந்த வெளிச்சத்துக்கு அவள் என்ன சொல்ல வேண்டும்?

அடுத்த மிளகுப் பருவத்தில் ஜமால்தீன் வீட்டுக்கும் சோலர் வந்தது. அதே இராசலிங்கம், அதே கேள்வி. மீராசாஹிபும் போய் நின்றார். ஜமால்தீன் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே போனான்.

"ஹோலுக்கு ரெண்டு, விறாந்தைக்கு ஒன்டு, கேட்டுக்கு ஒன்டு."

"குசினிக்கு?" என்றார் மீராசாஹிப்.

"குசினிக்கு எதுக்கு மீராசாஹிப் நானா? அங்க யாரு ஆளுகள் வரப்போறாங்க?"

மீராசாஹிப் அதிர்ந்துபோய் நின்றார். தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவன் இவன். எரிந்ததைக் கண்ணால் கண்டவன். அவனே சொல்கிறான்! தன் வாயிலிருந்து விழுந்த அதே பேச்சை இன்னொருவன் வாயில் கேட்டபோதுதான், அது எவ்வளவு கொடிய பேச்சென்று அவருக்கு முழுதாக உறைத்தது. கதவுச் சீலைக்குப் பின்னால் நூருன்னிஸாவின் வளையல் சத்தம் கேட்டது.

"ஜமால்தீன், ஆள் இனித்தான் வரணுமா? ஒன்ட வீட்டு ஆள் அங்கதானே ஈக்கி!" மீராசாஹிப் குசினிப் பக்கம் கை நீட்டினார். "வந்து பார்த்துட்டுப் போறவனுக்கு வெளிச்சம் போட்டு, நமக்காக வேல செய்யிறவள இருட்டுல வெச்சோம். அந்தப் பாவத்தத்தான் நான் இப்ப ஒவ்வொரு நாளும் அவட கையில பார்க்கிறேன். வீட்டுக்கு வெளிச்சம் வந்தா மொதல்ல அடுப்படிக்குப் போகணும். மிச்சம் ஈந்தா வாசலுக்குப் போடு."

யாரும் சிரிக்கவில்லை. ஜமால்தீன் தலையைக் குனிந்துகொண்டான். இராசலிங்கம் ஏணியைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் நடந்தார்.