சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்விட்ச்

வீட்டை இரண்டாகப் பிரித்துச் சுவர் எழுப்பியபோது படிக்கட்டு தம்பிக்குப் போனது. படிக்கட்டு விளக்குக்கு இரண்டு ஸ்விட்ச். ஒன்று அங்கே. மற்றது அண்ணன் பக்கமே நின்றுவிட்டது. எதைத் தட்டினாலும் எரிகிற விளக்கு அணையும், அணைந்தது எரியும்.

சுவர் வந்த நாளிலிருந்து இருவரும் பேசவில்லை. அண்ணன் தனி ஆள். மாலையில் அந்தப் பக்கம் தம்பியின் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்துபோய் ஸ்விட்சைத் தட்டுவார். தம்பிக்கு முழங்கால் சரியில்லை, இருட்டில் ஏறக்கூடாது. சில நாள் அதே நொடியில் தம்பியும் தட்டுவான். விளக்கு அணைந்துவிடும்.

ஆறு மாதம் கழித்து ஒரு பகலில் எலக்ட்ரீஷியன் வந்தார்.

"உங்க தம்பி அனுப்பினாருங்க. இந்த ஸ்விட்சக் கழட்டணுமாம். லைட்டுக்குப் பேய் புடிச்சிருக்கு, தானா அணையுதுன்னாரு."

"பேய் நான்தான்."

எலக்ட்ரீஷியன் சிரித்தார். அண்ணன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மெயினை இறக்கினார். டெஸ்டரை வைத்துப் பார்த்தார். ஸ்விட்சைக் கழற்றினார். மூன்று வயர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நுனிக்கும் தனித்தனியே மூடி போட்டு, டேப் சுற்றி, பெட்டிக்குள் மடித்துத் தள்ளினார். மேலே வெறும் பிளேட்டை வைத்துத் திருகி, மெயினை ஏற்றினார்.

அண்ணன் ஆலையில் முப்பது வருடம் வயரிங் பார்த்தவர். இப்படி மூடினால் ஷாக் அடிக்காது. ஆனால் விளக்கும் எரியாது. நடு வயரை மற்ற இரண்டில் ஒன்றோடு சேர்த்து, மிச்சமுள்ளதைத்தான் தனியே மூட வேண்டும்.

சொல்ல வாயெடுத்தார். விளக்கு எரியாவிட்டால் தம்பி இங்கே வந்தாக வேண்டும். கதவைத் தட்ட வேண்டும். "அண்ணே" என்று ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டும்.

"அந்தப் பக்கம் பூட்டியிருக்கு, எரியுதான்னு பாக்க முடியல. சரியாத்தான் இருக்கும். வரட்டுங்களா ஐயா?"

"ம்."

அவர் போனதும் அண்ணன் தரையில் உதிர்ந்த சுண்ணாம்பைக் கூட்டினார். சட்டை மாற்றினார். இன்னொரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

இருட்டியதும் சுவருக்கு அப்பால் ஸ்விட்ச் சத்தம். திரும்பவும் ஒரு தடவை. பிறகு தம்பி மனைவியின் குரல்.

"எரியலயே. பக்கத்துல போய் மாமாகிட்ட கேளுங்க."

"வேணாம்."

"அவருக்குத் தெரியாத வேலையா? ஒரு வார்த்தை கேட்டா கொறஞ்சா போயிடுவீங்க?"

"ஏறத் தெரியாதா எனக்கு? நாளைக்கு அந்தாளையே வரச் சொல்லலாம்."

படியில் கால் வைக்கும் சத்தம். இரண்டு, மூன்று. நின்றது. நான்கு. அப்புறம் வழுக்கல், எதிலோ மோதல், "அய்யோ, பாத்துங்க!"

"ஒண்ணுமில்ல. இரு. கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

அண்ணன் மெயினை இறக்கினார். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பிளேட்டைக் கழற்றினார். மூன்று வயரிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். நடு வயரையும் இடது வயரையும் சேர்த்து முறுக்கி ஒரே மூடியில் இறுக்கினார். தனித்தனியே இழுத்துப் பார்த்தார், வரவில்லை. மிச்ச வயரின் மூடியையும் சரிபார்த்து, எல்லாவற்றையும் உள்ளே மடித்து, பிளேட்டைத் திருகினார். மெயினை ஏற்றினார்.

சுவருக்கு அப்பால் ஸ்விட்ச் சத்தம்.

"எரியுதுங்க!"

"பாத்தியா? அவன் சரியாத்தான் செஞ்சிருக்கான். நீதான் சரியா அழுத்தல."

"ஆமா, எல்லாத்துக்கும் நான்தான்."

இருவரும் சிரித்தார்கள். மெதுவாகப் படியேறும் சத்தம் கேட்டது. மேலே கதவு திறந்து மூடியது.

அண்ணன் திருப்புளியை டப்பாவில் போட்டார். அந்தப் பக்கம் ஸ்விட்ச் சத்தம் கேட்கவில்லை; விளக்கை யாரும் அணைக்கவில்லை. அதை அவரால் இனி அணைக்க முடியாது.