முதலில் பதில் சொன்ன பெட்டி

எங்கள் வீட்டுக் கணினிகள் எதிலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. எல்லாமே மாடிப்படிக்குக் கீழே நான் வைத்திருக்கும் சர்வரில்தான். பொத்தானை அழுத்தியதும் கணினி கேபிள் வழியாக ஒரு முகவரி கேட்கும். சர்வர் முகவரியைக் கொடுத்து, வேண்டிய கோப்புகளையும் அனுப்பி அதை எழுப்பிவிடும். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. நான் படிக்கட்டுப் பக்கம் போனாலே, "சின்ன வீட்டுக்குக் கிளம்பியாச்சா?" என்பாள் மனைவி.

அன்று காலை அக்காவின் கணினி எழவில்லை. மாமாவை விட்டுப் பிரிந்து எங்களோடு வந்து தங்கியிருப்பவள். டாக்டர்கள் பேசி அனுப்புவதை வீட்டிலிருந்தே தட்டச்சு செய்யும் வேலைக்கு அன்று பதினோரு மணிக்குத் தேர்வு. பதிவு செய்த கணினியில்தான் எழுத வேண்டும், இன்னொரு வாய்ப்பு தரமாட்டார்கள்.

"ஏதோ எழுத்து வந்து அப்படியே நிக்குதுடா தம்பி."

"எதையாவது தொட்டியா?"

"நான் என்னத்தத் தொடப் போறேன்."

சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. சர்வர் பக்கத்துக் கேபிளை மாற்றினேன், பலனில்லை. மனைவியின் கணினியை அணைத்துப் போட்டேன், சமர்த்தாக எழுந்தது.

"நல்லா இருக்கறதையும் கெடுத்துடாதீங்க. அண்ணியோடத பாருங்க," என்றாள் மனைவி.

பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்! எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அக்கா வாசற்படியில் கைக்குட்டையைத் திருகிக்கொண்டு நின்றாள். முகவரி கிடைத்தது, கோப்பு இல்லை என்றது திரை. அந்த முகவரியை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அது என் சர்வர் கொடுக்கும் வரிசையிலேயே இல்லை. வேறு எதுவோ முந்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறது. இந்தக் கணினி முதலில் பதில் சொன்னவரையே நம்பும். அங்கேயே கோப்பையும் கேட்டு ஏமாந்து நிற்கிறது.

மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனேன். மடித்துப் போட்ட துண்டுக்குக் கீழே, சுவருக்கும் கணினிக்கும் நடுவில், புத்தம்புது ரவுட்டர் ஒன்று கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. முகவரி கொடுக்க அதற்கும் தெரியும், கோப்புதான் அதனிடம் கிடையாது.

"இது யாரு வெச்சது?"

"நான்தான்டா. வேலை செய்யுதான்னு நேத்து மாட்டிப் பார்த்தேன். லைட் எரிஞ்சுது, அப்படியே விட்டுட்டேன். இதனாலயா?"

"நம்ம வீட்டுல இல்லாத நெட்டா? எதுக்கு இது?"

"இங்கே இல்லடா. ரெண்டு தெரு தள்ளி ஒரு ரூம் பார்த்து வெச்சிருக்கேன். வேலை கிடைச்சா அங்கே போயிடலாம்னு."

"உன்ன யாரு போகச் சொன்னா?"

"யாரும் சொல்லல." குரல் தாழ்ந்தது. "தினமும் இதைப் போட்டதும் மேல கெஸ்ட்னு வருமே. கெஸ்ட்னா எத்தனை நாளைக்குடா இருக்கறது?"

இது விருந்தாளிகள் தங்கும் அறையாக இருந்தபோது அந்தக் கணினிக்கு நான் வைத்த பெயர் அது. மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. இரண்டு நொடி வந்து போகும் எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். அக்கா தினமும் படித்திருக்கிறாள்.

ரவுட்டரைக் கழற்றிவிட்டு கேபிளை நேராகச் சுவரில் செருகினேன். பிறகு படிக்கட்டுக்கு ஓடினேன்.

"நேரமாச்சு, இப்பப் போய் அங்க என்ன?" என்று மனைவி பின்னாலிருந்து கத்தினாள்.

ஒரே ஒரு சொல்லை மாற்றிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன். பொத்தானை அக்காவையே அழுத்தச் சொன்னேன். கறுப்புத் திரை வந்தது. முகவரி வந்தது, இந்த முறை நம் வீட்டு முகவரி. மேலே ஆங்கில எழுத்தில் 'அக்கா' என்று வந்தது. அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழ் எழுத்து தெரியாது.

அக்கா அது மறையும்வரை பார்த்தாள்.

"போடா. டெஸ்ட் நேரத்துல கண்ணைக் கலங்க வெச்சுக்கிட்டு," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

தேர்வு முடிந்து வெளியே வந்தவள் கையில் ரவுட்டர் இருந்தது, மறுபடி அதன் அட்டைப்பெட்டிக்குள்.

"எப்படி எழுதினே?"

"எழுதியிருக்கேன்." பெட்டியை என் கையில் திணித்தாள். "கடையில திருப்பி எடுத்துப்பாங்களான்னு கேளு. இல்லேன்னா உன் சின்ன வீட்டுக்கே வெச்சுக்கோ."