அத்தான் வாங்கிக் கொடுத்த மெஷின்

குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டை அடைத்துக்கொண்டிருந்த, மெஷினின் எஃகு உருளையைச் சின்னவள் இரண்டு கைகளாலும் இழுத்து வெளியே எடுத்தாள். பால் பாத்திரம் வைக்க இடமில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வந்தவர்களுக்குத் தேநீர் போட்டாக வேண்டும். உருளைக்குள், நேற்று மாலை அண்ணன் நிரப்பிய இறைச்சி அப்படியே இருந்தது. விடியும் நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், அழுவதற்கும் முன்பாக, அவள் கைகள் பழக்கத்தில் அதைக் கழற்றிக் குளிரில் வைத்துவிட்டிருந்தன.

அண்ணன் இப்போது கூடத்தில் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். வண்டி வருவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அக்காவின் கணவர் யாரோ ஒருவரிடம் சொல்வது சமையலறை வரை கேட்டது.

"நான் வாங்கிக் குடுத்த மெஷினு. கடைசி நிமிஷம் வரைக்கும் அதுலதான் வேலை செஞ்சான். அந்த ஒரு திருப்தி இருக்கு எனக்கு."

காலையிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அத்தான் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் முறை கேட்டபோது சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த முறை பல்லைக் கடித்துக்கொண்டாள். இப்போது உருளையைக் கீழே வைக்காமல் மார்போடு அணைத்தபடி அப்படியே நின்றாள். சில்லிப்பு ரவிக்கையைத் தாண்டி உள்ளே இறங்கியது.

அத்தான் கெட்டவர் அல்ல. அதுதான் சங்கடம். கட்டில் கடை வைத்திருந்தவர். இருவர் படுக்கக் கட்டில் கேட்டு வந்தவனுக்குக் குடும்பமே புரளும் கட்டிலை விற்று, அதை உள்ளே கொண்டுபோக வீட்டுக் கதவையே கழற்ற வைத்தவர் என்று அவரைப் பற்றி ஒரு கேலி உண்டு. பெரியதாக இருப்பது எதுவும் நல்லதாகவே இருக்கும் என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

அண்ணனுக்கு அச்சகத்து வேலை நின்றபின் அவரும் சின்னவளும் வீட்டிலேயே, அரைத்த இறைச்சியைக் குடல்தோலில் அடைத்து சாசேஜ் செய்து விற்கத் தொடங்கினார்கள். சுண்டுவிரல் தடிமனில், புகையில் காய்ந்த குச்சி சாசேஜ்தான் அதிகம் போனது. பஸ் ஓட்டுகிறவர்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்க் கடித்துக்கொள்வார்கள். தொடக்கத்தில் அரைக்கும் மெஷினின் வாயிலேயே ஒரு குழாயை மாட்டித் தோலுக்குள் நிரப்பிப் பார்த்தார்கள். அதன் திருகு இறைச்சியை மறுபடி பிசைந்து சூடாக்கியது. கொழுப்பு உருகிப் பசைபோல் ஈஷிக்கொண்டது. நிரப்புவதற்கென்று தனி மெஷின் வேண்டும் என்று அண்ணன் முடிவு செய்தார்.

அதற்காக அவர் கடைகடையாக அலைந்தது பெண் பார்க்கப் போன கதைபோல இருந்தது. முழங்கைபோல் வளைந்து நெம்புகோலால் அமுக்கும் வகையைப் பார்த்தார். ஓரத்தில் இறைச்சி பின்வாங்கிக் கசிகிறது என்று தள்ளினார். மோட்டார் வைத்ததைப் பார்த்தார். மெல்லிய தோல் கிழிவதற்குள் அதை நிறுத்த முடியாது என்று அதையும் தள்ளினார். கடைசியில், நிமிர்ந்து நிற்கும் சின்ன மெஷின் ஒன்று மனத்துக்குப் பிடித்தது. பிளாஸ்கைப் போல ஒடுங்கிய உருளை, இரும்புப் பல்சக்கரம், கையால் சுற்றும் பிடி. குழாய் சிறுத்தால் உருளையும் சிறுக்க வேண்டும். அகலமான உருளையில் நிரப்பி ஊசிபோன்ற குழாய் வழியாகத் தள்ளினால் சுற்றுகிறவனின் உயிர் போகும் என்று சின்னவளிடம் வரைந்து காட்டியும் விளக்கினார். எத்தனை சாதாரணமாகச் சொன்னார் அந்த வார்த்தையை.

வாங்கப் போன அன்று அத்தான் காரில் கூட வந்தார். கடையில் ஒரு மூலையில், வாளி அகலத்தில் உருளை வைத்த மெஷின் பளபளத்தது. அத்தான் அதன் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். குச்சிக்குச் சின்னதே போதும் என்று அண்ணன் ஒரு தடவை மெதுவாகச் சொன்னாராம். சின்னது குழந்தைகள் விளையாட, இது என் பரிசு, வாயைத் திறக்காதே என்றாராம் அத்தான். வாயைத் திறக்காமலே அண்ணன் வீடு வந்து சேர்ந்தார்.

அன்றைக்கு அவர் சின்னவளுக்கு ஒரு கதை சொன்னார். தாகத்தில் கிடந்த முயல் ஒரு வாய் தண்ணீர் கேட்டதாம். யானை ஓடிப்போய்த் தும்பிக்கை நிறைய மொண்டுவந்து முயலின் வாயில் பீய்ச்சியதாம். மூச்சு முட்டிய முயலுக்குப் போதும் என்று சொல்லக் கூச்சம். எவ்வளவு ஆசையாகக் கொண்டுவந்திருக்கிறது பாவம். அண்ணன் சொல்லிவிட்டுச் சிரித்தார். சின்னவளும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு சிரிக்க எதுவும் இருக்கவில்லை. அவள் ஒரு நாள் சுற்றிப் பார்த்தாள், தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அதன்பின் பிடியை அவள் தொட அண்ணன் விடவில்லை. அவள் தோலைப் பிடித்துக்கொள்ள, அவர் கிணற்றில் வாளி இழுப்பவரைப் போல வலது காலை ஒரே இடத்தில் பின்னால் ஊன்றி, உடம்பின் எடை முழுவதையும் போட்டுத் தொங்கிச் சுற்றுவார். அத்தானிடம் நானே சொல்கிறேன் என்று அவள் பலமுறை கிளம்பியிருக்கிறாள். வேண்டாம், விடு, மனசு கஷ்டப்படும் என்பார். ஞாயிறுதோறும் அத்தான் வருவார், மெஷினைக் குதிரையைத் தட்டுவதுபோலத் தட்டுவார், எப்படி இருக்கிறது என்பார். அருமை அத்தான் என்பார் அண்ணன். நேற்று மாலை பாதிச் சுற்றில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாரடைப்பு எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கும், தூக்கத்தில்கூட வந்திருக்கும் என்றார் டாக்டர். தூக்கத்தில் வரவில்லையே என்று அவள் டாக்டரையே முறைத்தாள்.

கூடத்தில் அத்தான் புதிதாக வந்தவரிடம் மறுபடி தொடங்கியது கேட்டது. சின்னவள் உருளையை மெஷினில் பொருத்தினாள். சின்னக் குழாயை மாட்டி முடுக்கினாள். வெறுமனே பிதுக்கி வெளியேற்றியிருக்கலாம். ஆனால் அவள் கிண்ணத்தில் ஊறிக்கிடந்த தோலை எடுத்துக் குழாயில் ஏற்றினாள். பிறகு கூடத்து வாசலில் போய் நின்றாள்.

"அத்தான், கொஞ்சம் உள்ள வாங்க."

ஆறுதல் சொல்லக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துத்தான் அவர் துண்டால் கண்ணைத் துடைத்தபடி வந்தார்.

"நேத்து அண்ணன் விட்டது உள்ளயே இருக்கு. காலி பண்ணணும். நீங்க சுத்துங்க, நான் தோலைப் பிடிச்சுக்கறேன்."

"இப்பவா? வண்டி வர்ற நேரம்மா."

"இப்பத்தான்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மறுபேச்சில்லாமல் பிடியைப் பிடித்தார். முதலில் வெறும் இடத்தில் லேசாகச் சுற்றியது. பிறகு உள்ளே அமுக்கும் தட்டு இறைச்சியில் போய் உட்கார்ந்தது. பிடி நின்றது. மற்றொரு கையையும் போட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. குழாயின் முனையில் ஒன்றும் வரவில்லை.

"தப்பா மாட்டியிருக்கியா?"

"சரியாத்தான் மாட்டியிருக்கு."

"காலையிலேருந்து குளிர்ல இருந்து இறுகிப்போச்சு. அதான்."

"ஆமா. அரைச்ச கையோட நிரப்பினா இதைவிடக் கொஞ்சம் லேசு. கொஞ்சந்தான்."

அத்தான் பிடியை விடாமல் அவளைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரி பால் பாத்திரத்தோடு வந்தவள், சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டாள். அக்கா கதவருகே வந்து நின்றிருந்தாள்.

"எப்பவும் இப்படியா?" என்றார் அத்தான்.

சின்னவள் குழாயில் ஏறிய தோலைச் சரிசெய்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லலியே அவன்."

"நீங்க கேட்டீங்களா?" அவள் குரல் உயரவில்லை, தாழ்ந்தது. "வாராவாரம் வந்தீங்க. தட்டிக் குடுத்தீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள் இதைச் சுத்திப் பாத்தீங்களா அத்தான்?"

"சின்னவளே, இன்னிக்கு வேண்டாம்டி," என்றாள் அக்கா.

"பின்ன என்னிக்குக்கா? கூடத்துல உக்காந்து ஊருக்கெல்லாம் திருப்தின்னு சொல்லிக்கிட்டிருக்காரு. அண்ணனும் அருமை அருமைன்னே சொல்லிச் செத்துப்போச்சு. இந்த வீட்டுல வாயிருக்கறது எனக்கு மட்டுந்தானா?"

சொல்லி முடித்த பிறகுதான், கோபத்தில் பெரும்பங்கு கூடத்தில் துணிக்குள் கிடப்பவர்மேல் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவரை இனி என்ன செய்ய முடியும்? அதனால் எதிரே நின்றவரை இன்னும் கடுமையாகப் பார்த்தாள்.

அத்தான் துண்டை எடுத்து நாற்காலி முதுகில் போட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டார். மறுபடி பிடியைப் பற்றி, இந்த முறை உடம்பையே அதன்மேல் சாய்த்தார். மேஜை முனகியது. குழாயின் முனையில் சிவப்பாக ஒரு சொட்டளவு தலை காட்டி, தோலுக்குள் நுழைந்தது.

"அவருக்கும் பிரஷர் இருக்குடி," என்றாள் அக்கா. "போதும்னு சொல்லு. நீ சொன்னாத்தான் நிறுத்துவாரு."

சின்னவளுக்குக் கேட்டது. சொல்ல வாய் வரவில்லை. அத்தானின் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது. அவர் துடைக்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. வாசலில் வண்டி வந்து நின்றது; கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தூக்குவதற்கு ஆள் வேண்டும் என்று யாரோ அத்தானைத் தேடிக் கூப்பிட்டார்கள்.

அவர் இன்னொரு சுற்றுக்கு வலது காலைப் பின்னால் வைத்து ஊன்றினார். மேஜையின் காலுக்குப் பக்கத்தில், தரையின் சாயம் ஒரு பாத அளவுக்குத் தேய்ந்து வெளுத்திருந்த இடத்தில், பார்க்காமலே அந்தக் கால் போய்ப் பொருந்தியது. சின்னவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்களுக்கு நடுவில் தோல் மெல்ல நிறைந்து வந்தது.