மொட்டைத் தரையில் புன்னங்கன்று

பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் அறையிலேயே பாதி ஆயுசைக் கழித்ததில் முருகேஸ்வரிக்கு இருமல் ஒட்டிக்கொண்டது. போர்மேன் அன்பரசன் இரக்கப்பட்டு, வேலியோரம் நட்ட புன்னங்கன்றுகளை அவள் பொறுப்பில் விட்டான். கடற்கரைக் காட்டிலிருந்து முதலாளி ஆசையாகக் கொண்டுவந்த கன்றுகள். பிழைத்தால் அவள் தோட்டக்காரி. பட்டுப்போனால் மறுபடியும் மருந்து அறை.

மருந்து இருக்கும் இடத்தைச் சுற்றிப் புல் தலைகாட்டினாலே அவளுக்குக் கை பரபரக்கும். காய்ந்த புல்லும் ஒரு பொறியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று வெம்பக்கோட்டைப் பக்கம் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் கன்றுகளைச் சுற்றியும் தரையை மொட்டையாகச் செதுக்கி வைத்தாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வெயில் ஏற ஏற மண் தோசைக்கல்லாய்க் கொதித்தது. கன்றுகள் ஒவ்வொன்றாகத் தலை தொங்கின.

இருமல் அமுக்கிய நாட்களில் அவள் செதுக்காமல் விட்ட மூலையில்தான் வேடிக்கை. சாரணைக்கொடி தரையோடு தரையாகப் படர்ந்திருக்க, நடுவில் கன்றுகள் பளபளவென்று நின்றன. அப்பாடா, களையை விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று சற்றுத் தள்ளிப் பார்த்தால், அங்கே வேலிப்பருத்திக் கொடி ஒரு கன்றைச் சுற்றி வளைத்துக் கழுத்தை நெரித்திருந்தது. குழாயடியில் மொட்டைத் தரையில் நின்ற கன்றோ கும்மென்று தளிர்த்திருந்தது. முருகேஸ்வரிக்குத் தலை கிறுகிறுத்தது. எது உறவு, எது பகை? இந்தச் செடிகளுக்கு வாய் இல்லையே என்று ஆத்திரமாக வந்தது.

வேலிப்பருத்தியை மட்டும் பிடுங்கிக்கொண்டிருந்தபோது அன்பரசன் வந்தான்.

"எக்கா, நாளைக்கு சர்க்கார் ஆபீசருக செக்கிங் வாராக. இங்கன ஒரு புல்லு இருக்கக் கூடாது. செதுக்கிப்புடுங்க."

"செதுக்குனா கன்னு பட்டுரும் தம்பி. அந்தா பாருங்க, செதுக்குன எடம் அம்புட்டும் கருகிக் கெடக்கு."

"அப்ப விட்டுருங்க."

"விட்டா செக்கிங்ல கேக்க மாட்டாகளா?"

"கேப்பாகதான். அப்ப செதுக்குங்க."

அவள் மண்வெட்டியை அவன் கையில் திணித்தாள். "நீங்களே செதுக்குங்க. கன்னு பட்டா மொதலாளிக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

அவன் ஓங்கினான். சாரணைக்குள் நின்ற தளிரைப் பார்த்தான். மண்வெட்டியை மெல்ல இறக்கினான்.

"எனக்கும் ஒரு எழவும் புரியலக்கா. மொதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு வாரேன்" என்று ஆபீஸ் பக்கம் நழுவினான்.

அவன் கேட்டு வரும்வரை அவள் தோட்டக்காரிதான். முதலாளிக்கு லைன் கிடைக்கவே கூடாது தாயே என்று பத்திரகாளியம்மனை வேண்டிக்கொண்டாள். அந்த மருந்து அறைக்குத் திரும்பிப் போக அவளுக்கு அவ்வளவு பயமாக இருந்தது.